மெட்டும் ஒரு யாப்பு: மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன்



இவ்விழா தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கியது. அப்பாடலை இயற்றியவர் மனோன்மணியம் சுந்தரனார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதற்கு மெட்டமைத்தவர் யார் என்று கேட்டால் கற்றோர் அவையிலும் சற்றே அமைதி நிலவும். அவர் எம்.எஸ். விசுவநாதன். திரைப்பாடல் கேட்போர் நெஞ்சில் நிலைத்த பெயர்தான் அது. ஆயினும் இலக்கிய அரங்குகளில் அப்பெயர் அரிதாகவே ஒலிக்கிறது. பாடலாசிரியர்களுக்குக் கருத்தரங்குகள் நடக்கின்றன. பாடியவர்களுக்கு விழாக்கள் நடக்கின்றன. சொல் வந்து அமர்வதற்கு இருக்கை செய்து கொடுத்தவரைப் பற்றிக் கவிஞர்கள் பேசுவதில்லை. அவர் மறைந்து பத்தாண்டுகள் கடந்துவிட்ட நிலையில், அவரைக் கவிஞர்களின் அவையில் வைத்து எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பழைய வழக்கு

கவிஞர்கள் கூடும் இடங்களில் தீராத வழக்கு ஒன்று உண்டு. பாட்டுக்கு மெட்டா, மெட்டுக்குப் பாட்டா? சொல்லை முதலில் எழுதி அதற்கு இசை சேர்ப்பதே முறை என்பார் ஒரு சாரார். மெட்டைக் கொடுத்துச் சொல்லை அடைக்கச் செய்வது கவிதைக்கு விலங்கிடுவதாகும் என்றும் அவர்கள் கூறுவர். திரைப்பாடல் கவிதையாகாது என்னும் தீர்ப்புக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

இவ்வழக்கில் விசுவநாதனின் வாழ்நாள் பணி வலுவான சான்றாக நிற்கிறது. அவர் இரு வழியிலும் இசையமைத்தவர். எழுதி முடித்த பாடலுக்கு மெட்டுப் போட்டார்; போட்டு முடித்த மெட்டுக்குப் பாட்டும் வாங்கினார். அவருடைய சிறந்த பாடல்களைக் கேட்கும்போது, எது முன் பிறந்தது, எது பின் பிறந்தது என்று காது பிரித்தறிய இயலுவதில்லை. அந்த இயலாமையில்தான் அவருடைய புலமை இருக்கிறது. மெட்டு என்பது விலங்கு அன்று. அதுவும் ஒரு யாப்பே என்பதை அவர் பணி மெய்ப்பிக்கிறது.

பின்னால் நின்ற இளமை

விசுவநாதன் 1928 ஜூன் 24 அன்று பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்து பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார். கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். பள்ளிப் படிப்பு அவருக்கு மிகுதியாக வாய்க்கவில்லை. தாய்மொழி மலையாளம். இத்தகைய ஒருவர் தமிழ்த்தாய்க்கு மெட்டமைத்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கோவையில் ஜூபிடர் நிறுவனத்தின் படங்களுக்கு எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்து வந்தார். அவருடைய குழுவில் எடுபிடிப் பணியில் தொடங்கி ஆர்மோனியத்திற்கு உயர்ந்தவர் விசுவநாதன். 1948இல் வெளிவந்த ‘அபிமன்யு’ படத்தின் பாடல் ஒன்றுக்கு மெட்டமைத்தவர் இவ்விளைஞரே என்றும், அச்செய்தியைச் சுப்பையா நாயுடுவே பின்னர் நிறுவன உரிமையாளரிடம் எடுத்துரைத்து அவருக்கு வாழ்வளித்தார் என்றும் கூறுவர். விசுவநாதனும் அந்த நன்றியை இறுதிவரை மறக்கவில்லை. முதுமையில் குருநாதரைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார் என்பது திரையுலகம் நன்கறிந்த செய்தி. மெட்டுப் போடுபவர் திரைக்குப் பின்னால் நிற்பவர். அவருக்கும் பின்னால், பெயரின்றி நிற்பதிலிருந்து தொடங்கிய வாழ்வு இவருடையது.

பின்னர்ச் சென்னையில் சி.ஆர். சுப்பராமனிடம் பணி. அங்கேதான் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வயலின் கலைஞர் டி.கே. இராமமூர்த்தியின் நட்பு வலுப்பெற்றது. சுப்பராமன் 1952இல் இருபத்தெட்டு வயதில் மறைந்தார். ‘தேவதாஸ்’ போன்ற படங்களில் அவர் விட்டுச்சென்ற பணியை இவ்விருவரும் முடித்துக் கொடுத்தனர். அதே ஆண்டில் என்.எஸ். கிருஷ்ணனின் ‘பணம்’ படத்தில் ‘விசுவநாதன் – இராமமூர்த்தி’ என்னும் இரட்டைப் பெயர் தோன்றியது. 1963இல் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் பெற்றனர். 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு இருவரும் பிரிந்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் மீண்டும் இணைந்தனர். ஆகவே 1965 வரையிலான புகழில் இராமமூர்த்திக்கும் சரிபாதி உரிமை உண்டு. அதனைக் குறையாமல் கொடுத்துவிட்டுத்தான் விசுவநாதனைப் போற்றுதல் வேண்டும்.

சொல் முன்னே, மெட்டுப் பின்னே

முதலில், முன்பே எழுதப்பெற்ற செய்யுளுக்கு அவர் செய்த பணியைக் காண்போம். சுந்தரனாரின் மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. அதன் வாழ்த்துப் பாடற்பகுதியைத் தமிழக அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றபோது, விசுவநாதன் அதற்கு மெட்டமைத்தார். செய்யுளுக்கும் மெட்டுக்கும் இடையே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள். 2021 டிசம்பரில் அப்பாடலை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, அதனை முல்லைப்பாணி எனப்படும் மோகன இராகத்தில், மூன்றன் நடையில், 55 வினாடிகளில் பாட வேண்டும் என்று வரையறுக்கிறது.

அச்செய்யுள் கொச்சகக் கலிப்பா வகையைச் சார்ந்தது. காய்ச்சீர்கள் மிக்கு வருவது. காய்ச்சீர் மூவசைச் சீர் என்பது இவ்வவையோர் அறிந்ததே. மூவசைச் சீருக்கு மூன்றன் நடை! இஃது இலக்கணம் பார்த்துச் செய்ததாகத் தோன்றவில்லை. காது கேட்டுச் செய்ததாகவே தோன்றுகிறது. பாடலின் தொடக்கச் சீரில் நெடில்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மெட்டும் அங்கே நின்று நடக்கிறது. அடுத்த சீரில் குறில்கள் தொடர்கின்றன. மெட்டும் அங்கே விரைகிறது. யாப்பின் நடையே இசையின் நடையாகிவிட்டது. இசைப் பயிற்சி இல்லாத ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நின்று பாடினாலும் அப்பாடல் சிதைவதில்லை. அதற்குக் காரணம், மோகனத்தின் எளிமை மட்டுமன்று; சொல்லின் அளவை மீறாத மெட்டின் ஒழுக்கமுமாகும்.

இவ்வொழுக்கம் தமிழுக்கு இன்றியமையாதது. குறிலும் நெடிலும் தமிழில் பொருளையே மாற்றுவன. ‘மலை’ என்னும் சொல்லின் முதலெழுத்தில் சுரம் சிறிது தங்கிவிட்டால் அது ‘மாலை’ ஆகிவிடும். ‘கலை’ ‘காலை’யாகும், ‘பல்’ ‘பால்’ ஆகும். கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகக் கொண்டு மாத்திரை வகுத்த மொழி இது. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை என்று காலத்தை நுணுகிப் பகுத்த மரபு இது. இம்மொழிக்கு மெட்டமைப்பவர் மாத்திரையை அறியாதிருந்தால் சொல் சிதையும். விசுவநாதன் நன்னூல் படித்தவரா என்பது பொருட்டன்று. அவருடைய தேர்ந்த பாடல்களில் நீள்சுரம் பெரும்பாலும் நெடிலைத் தேடியே சென்று அமர்கிறது.

மெட்டு முன்னே, சொல் பின்னே

இனி மறுபக்கம். 1980இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில் ஒரு பாடற்காட்சி உண்டு. நாயகி தத்தகாரமாகச் சந்தம் தருகிறாள். நாயகன் அந்தச் சந்தத்துக்கு உடனுக்குடன் சொல் தருகிறான். அவள் சந்தத்தை மாற்றுகிறாள். அவனும் சொல்லை மாற்றுகிறான். பாடியவர்கள் எஸ். ஜானகியும் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும், எழுதியவர் கண்ணதாசன், இசை விசுவநாதன். இசையமைப்பாளருக்கும் கவிஞருக்கும் இடையே மூடிய அறைக்குள் நிகழ்வது அங்கே காதலர் விளையாட்டாக வெளிப்பட்டது.

அக்காட்சியில் சொல் அடிமையாக வருவதில்லை. சந்தம் வினாவாக நிற்கிறது. சொல் விடையாக வருகிறது. விடை சொல்பவனுக்குத் தடுமாற்றம் உண்டு; தேடல் உண்டு; கிடைத்தபின் களிப்பும் உண்டு. ஈற்றடியின் இரண்டாம் சீரோடு நின்ற வெண்பா, நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றுள் ஒன்றால் முடியும் சொல்லைத் தேடி அலைபவர் அடையும் தடுமாற்றமும் களிப்பும் இவையே அல்லவா? வெண்டளை பிறழக் கூடாது என்பது ஒரு கட்டளை. இந்தச் சுரத்தில் இத்தனை அசை வேண்டும் என்பதும் ஒரு கட்டளை. முன்னதை யாப்பென்று போற்றிப் பின்னதை விலங்கென்று தள்ளுவது எவ்வாறு பொருந்தும்?

கண்ணதாசன் 1927 ஜூன் 24 அன்று பிறந்தவர். விசுவநாதன் அடுத்த ஆண்டு அதே நாளில் பிறந்தவர். பிறந்த நாளில் மட்டுமன்று, சொல்லோசையைக் கேட்கும் செவியிலும் இருவரும் ஒன்றுபட்டனர். 1977இல் வந்த ‘பட்டினப் பிரவேசம்’ படத்தில் அடிதோறும் ‘லா’ என்னும் ஓசையில் முடியும் பாடல் ஒன்று உண்டு. 1962இல் வந்த ‘பலே பாண்டியா’வில் ‘காய்’ என்னும் ஓசை மீண்டும் மீண்டும் வந்து பொருள் மாறி விளையாடும் பாடல் உண்டு. தமிழ்ச் செய்யுளில் எதுகையும் மோனையும் பெற்ற பெருமையை இயைபு பெற்றதில்லை. அடியின் இறுதியில் மெட்டு நீண்டு நிற்கும்போது, அங்கே திறந்து ஒலிக்கும் நெடில் தேவைப்படுகிறது. அத்தேவையே இயைபுத் தொடைக்குப் புதிய மதிப்பைத் தந்தது. மெட்டு சொல்லைக் கட்டியது உண்மை. அக்கட்டே கவிஞனை மரபில் அதிகம் நடமாடாத ஒரு தொடையின் பக்கம் அழைத்துச் சென்றதும் உண்மை.

மதுரை அறிந்த நெறி

மெட்டுக்கு எழுதுவது திரைப்படத்தோடு வந்த வழக்கம் என்று கருதுவோர் தமிழ் மரபைத் திரும்பிப் பார்த்தல் நலம். தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைக் கூறுகிறது. திருப்புகழ்ப் பதிப்புகளில் பாடல்தோறும் முதலில் நிற்பது சந்தக் குழிப்பு. அதன் பின்னரே பாடல். வைகைக் கரை வயல்களில் நாற்று நடும் பெண்கள் ‘தன்னானே’ என்று தொடங்கிய பிறகே சொல்லெடுப்பர். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, சந்தமும் சொல்லும் பிரிக்க இயலாதபடி பிணைந்தது.

1904இல் சில மாதங்கள் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதியார், பின்னர்த் தம் தேசியப் பாடல்கள் சிலவற்றை நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளின் மெட்டில் எழுதினார். இன்ன மெட்டு என்று குறிப்பும் தந்தார். மக்கள் நாவில் முன்பே இருந்த மெட்டில் புதிய விடுதலைச் சொல்லை ஏற்றியது அவருக்கு இழிவாகத் தோன்றவில்லை. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிய சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாடல்களும் வர்ணமெட்டுகளில் அமைந்தவையே. திரைப்பாடல் அந்த நாடக மேடையிலிருந்து இறங்கி வந்த பிள்ளை.

அந்த மதுரை மண்ணின் குரலே விசுவநாதனுக்கு வாய்த்த பெருங்கருவியாகவும் அமைந்தது. 1922இல் மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராசன், சுப்பையா நாயுடு இசையமைத்த ‘கிருஷ்ண விஜயம்’ (1950) படத்தில்தான் முதலில் பாடினார். ஒரே குருநாதரின் நிழலில் குரல் ஒருபுறமும் மெட்டு மறுபுறமும் வளர்ந்தன. சௌந்தரராசனின் வல்லினம் வல்லினமாகவே ஒலிக்கும், ழகரம் மங்காது. இத்தகைய குரல் கிடைத்ததால், சொல் தெளிவாக நிற்கும் இடத்தில் வாத்தியங்களை அடக்கவும், சொல் ஓயும் இடத்தில் வாத்தியங்களைப் பேசவிடவும் விசுவநாதனுக்கு இயன்றது. ‘புதிய பறவை’யில் (1964) அமைதியைத் தேடித் தவிக்கும் நாயகனின் பாடலில் பெரும் வாத்தியக் குழு முழங்குகிறது. ஆயினும் அக்குரல் சொல்லும் ஒரு சொல்லையேனும் அம்முழக்கம் விழுங்குவதில்லை.

அதே ஆண்டில் ‘சர்வர் சுந்தரம்’ வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டு எவ்வாறு உருவாகிறது என்பதை அப்படம் ஒரு பாடற்காட்சியில் வைத்துக் காட்டியது. சௌந்தரராசனும் எல்.ஆர். ஈசுவரியும் ஒலிவாங்கியின் முன் நிற்க, விசுவநாதன் குழுவை நடத்துகிறார். பாடல் வாலியுடையது. நடிகர் வாயசைப்பதையே பாட்டென்று எண்ணியிருந்த மக்களுக்கு, அதன் பின்னால் நிற்கும் உழைப்பாளர் முகங்கள் அன்று தெரிந்தன.

பிற நாட்டார் கண்ட வழி

மெட்டை முதலில் செய்து, பாடுவோரை அதன்மேல் சொல்லச் செய்யும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களிடையே 1970களில் தோன்றிய ஹிப்ஹாப் இசையில், பழைய இசைத்தட்டுகளிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி ஒட்டித் தாளக்கட்டு அமைப்பவர் ஒருவர். அதன்மேல் சொல்லடுக்குபவர் மற்றொருவர். அத்துறையில் பெரும் பெயர் பெற்றவர் டெட்ராய்ட் நகரில் பிறந்த ஜேம்ஸ் யான்சி. ஜே டில்லா என்பது அவர் புனைபெயர். இயந்திரம் தாள அடிகளைத் தானே நேர்ப்படுத்தித் தரும் வசதியை அவர் பல வேளைகளில் விலக்கினார். மயிரிழை முந்தியும் பிந்தியும் விழும் அடிகளில் மனிதக் கையின் உயிர்ப்பை நிலைநிறுத்தினார். கொடிய நோயுற்றிருந்த காலத்தில் உருவாக்கிய ‘டோனட்ஸ்’ என்னும் இசைத்தொகுப்பு 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய முப்பத்திரண்டாம் பிறந்தநாளில் வெளிவந்தது. மூன்றாம் நாள் அவர் மறைந்தார். அவர் தட்டிய கருவி இன்று வாசிங்டன் நகரில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்விருவருக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஒருவர் கருவி ஆர்மோனியம், மற்றவர் கருவி மின்பொறி. ஆயினும் இருவர் பணியும் ஒன்றே. கவிஞன் வந்து நிற்பதற்கு முன்பே அவன் நிற்கும் காலத்தை அளந்து வைக்கும் பணி அது. அரை மாத்திரையையும் கால் மாத்திரையையும் பெயரிட்டு வழங்கிய தமிழருக்கு அந்நுண்மையின் அருமையைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. அந்நாட்டார் மெட்டமைத்தவரின் கருவியை அருங்காட்சியகத்தில் வைத்துப் போற்றுகின்றனர். ஈண்டோ பத்ம விருது எதுவும் விசுவநாதனுக்கு வழங்கப்படவில்லை. 2012இல் தமிழக அரசு அவருக்கும் இராமமூர்த்திக்கும் ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ என்னும் பட்டம் அளித்தது ஓர் ஆறுதல்.

குறையும் நிறையும்

போற்றுதல் என்பது குறை காணாதிருத்தல் அன்று. விசுவநாதனின் பாடல்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. மெட்டுக்கு எழுதும் முறையிலும் இடர் உண்டு. சுரத்தை நிரப்புவதற்காகப் பொருளற்ற அசைகள் புகும். சொல் நடுவில் உடைபடும். உடைந்த சொல்லைக் கேட்டுப் பழகிய காது, உடைவையே அழகென்று கொள்ளும். வெண்பாவில் வகையுளி வருவது போன்றது அது. வகையுளி நேர்கிறது என்பதற்காக வெண்பாவையே தள்ளுவாரில்லை. வகையுளி குறைய எழுதுவதே புலமை என்பர். அந்த அளவுகோலையே மெட்டுக்கும் கொள்ளுதல் நேர்மையாகும்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் விசுவநாதனின் இடம் உயர்ந்து நிற்கும். அவருக்குப் பின் வந்தோர் அதனை உணர்ந்தே இருந்தனர். அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராசா, 1986இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்தில் அவரோடு இணைந்து பணியாற்றினார். ஏ.ஆர். ரகுமான் தம் இசையில் ‘சங்கமம்’ (1999), ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) ஆகிய படங்களில் அவரைப் பாடவைத்தார். ஒரு காலத்தில் மெட்டமைத்துக் கொடுத்தவர், முதுமையில் இளையவர் மெட்டுக்குக் குரல் கொடுத்தார். 2015 ஜூலை 14 அன்று சென்னையில் தம் எண்பத்தேழாம் வயதில் அவர் காலமானார்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வட்டத்தில் மரபுக் கவிஞரும் உளர், புதுக்கவிதையாளரும் உளர். மரபுக் கவிஞர்கள் தளை தட்டுகிறதா என்று விரல்விட்டு எண்ணுவர். புதுக்கவிதையாளர்கள் ஓசையை முற்றும் துறந்ததாகக் கூறுவர். ஆயினும் வரியை எங்கே முறிப்பது என்பதைக் காதைக் கேட்டே முடிவு செய்வர். இரு சாராரும் விசுவநாதனின் பாடல் ஒன்றைச் சொற்களை மறந்துவிட்டுக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். எங்கே சுரம் நிற்கிறது, எங்கே நடக்கிறது, எங்கே மூச்சுக்கு இடம் விடுகிறது என்று குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் அதே மெட்டுக்குத் தாமே நான்கு அடிகள் எழுத முயலலாம். முதல் இரண்டு அடிகளிலேயே தெரிந்துவிடும், எந்தச் சொல் அங்கே தானாக அமர்கிறது, எது தள்ளி அமர்த்தப்படுகிறது என்பது. இருக்கையின் அருமையை அதில் அமர முயன்றவரே அறிவர்.

திரைப்பாடல் கவிதையா என்னும் வழக்கை அதன் பிறகு பேசலாம். அப்போது பேசுவோர், பாட்டெழுதியவர் பெயரோடு மெட்டெழுதியவர் பெயரையும் சேர்த்தே சொல்வர் என்பது உறுதி.